உயிருள்ள எண்

ரொட்டியின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நாரின் என்னும் மலைநகரத்து மருத்துவமனை ஜன்னலில் பனிவெளிச்சம் நிற்கிறது. கோமுஸ் என்னும் தந்தி வாத்தியம் வாசிக்கும் கிழவர் சபராலியின் வலது கை மணிக்கட்டிலிருந்து துவண்டு தொங்குகிறது. நோய்களுக்குக் குறியீட்டெண் எழுதும் புருல், பேனாவை நிறுத்திக் காத்திருக்கிறாள். நரம்பு உயிரோடிருந்தால் ஓர் எண், செத்திருந்தால் வேறு எண்; இரண்டாவது விழுந்தால் கிழவருக்கு இனி இசையில்லை. எத்தனையோ நரம்புகளை எண்ணாக்கியவள், ஒன்றையும் நேரில் கண்டதில்லை. சுவர் பிளக்கில் செருகிய, நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவியின் முனையை டாக்டரம்மா அவர் முழங்கைக்கு மேலே வைக்கிறார். டிக். கழுகு சிறகு விரிப்பதுபோல் விரல்கள் எழுகின்றன. "கையை ஆட்டாதீங்க, ஐயா," என்கிறார் டாக்டரம்மா. "நானா ஆட்டுறேன்? அப்படியே என் மருமகனையும் ஒரு தட்டு தட்டி எழுப்பி விடும்மா, மத்தியானம் வரைக்கும் தூங்குறான்!" புருல் உயிருள்ள எண்ணை எழுதுகிறாள். விடிந்ததிலிருந்து ஊரில் மின்சாரம் இல்லை.