உள் கழனி

"இதுக்கா ஆபீசரம்மா, எங்கள வேலைய உட்டுட்டு வரச் சொன்ன?"

ஜானகிராமன் கேட்டதும் வரப்பில் நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். கஸ்தூரிக்கு முகம் சுண்டியது.

வேப்பம்பட்டுக்கு வேளாண்மை அலுவலராக வந்து ஆறு மாதம். நடவுக்கு முன்னால் ஜிங்க் சல்பேட் உரத்தை மணலில் கலந்து தூவுங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சியதில், சரி என்றவர் வேம்புலி ஒருவர்தான். அவருடைய ரோட்டோரக் கழனிக்கு ஒரு மூட்டை கொடுத்து, 'செயல்விளக்கத் திடல்' என்று போர்டும் நட்டிருந்தாள்.

நாற்று நட்டு ஒரு மாதம் ஆகிறது. பயிர் குட்டையாக, இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி நின்றது.

"மருந்து துன்னு பயிருக்கு பேதி புடுங்கிக்கிச்சி போல," என்றார் தேவராஜ்.

"மண்ணைப் பரிசோதனை பண்ணித்தாங்க சொன்னேன்..." என்றாள் கஸ்தூரி. அடுத்த வாரம் இவர்கள் எல்லோருக்கும் நடவு. இன்று நம்பாவிட்டால் இனி எப்போதும் நம்பமாட்டார்கள்.

"மண்ணுக்கு ஒண்ணும் நோவு இல்லம்மா. தோ, வேம்புலியோட உள் கயனிய பாரு. அதே நாத்து, அதே நாளு நட்டது. இன்னா கருகருன்னு நிக்குது," என்றார் தேவராஜ்.

பார்த்தாள். பொய்யில்லை. முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. அவள் ஃபைலை மூடினாள்.

"மாமே, உள் கயனிக்கு இன்னா செஞ்சியோ அதச் சொல்லு," ஜானகிராமன் வேம்புலியின் தோளில் கைபோட்டார். "நாங்க அத்தினி பேரும் அப்டியே செய்றோம். இன்னாப்பா?"

"ஆமா ஆமா," என்றார்கள் எல்லோரும்.

வந்ததிலிருந்து வாய் திறக்காத வேம்புலி தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி தாயம்மா முழங்கையால் இடித்தாள்.

"சொல்லித் தொலைய்யா. அந்தப் பொண்ணு மூஞ்சப் பாரு, அழுதுடும் போல கீது."

வேம்புலி கஸ்தூரியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கோச்சிக்காதம்மா. இது பஸ்ல போறவன் வர்றவன்லாம் பாக்கற எடம். பயிரு தீஞ்சிப் போனா ஊரே சிரிக்குமேன்னு பயந்துட்டேன். நீ குட்த்த மூட்ட மொத்தத்தையும் உள் கயனிலதாம்மா தூவுனேன்."