முள் இறங்கும் வரை
இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்துத் தெருவில் ஜூலை வெயில் கொதிக்கிறது. செட்ரிக் வருடக்கணக்காக ஷெட்டில் பாடுபட்டு ஓடவைத்த போர்க்கால ராணுவ லாரி, இன்று அவருடைய சவப்பெட்டியைச் சுமந்து கல்லறைக்கு ஊர்கிறது. முன்னால் இறுதிச் சடங்கை நடத்தும் உயரத் தொப்பிக்காரர் ஒருவர், வழக்கப்படி நடந்தே ஊர்வலத்துக்கு வழிகாட்டிச் செல்கிறார். அவரை முந்தக் கூடாது. இந்த நடை வேகத்தில் எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொடப்போகிறது. லாரியை ஓட்டும் செட்ரிக்கின் நண்பன் டெஸ்மண்டின் உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்குகிறது. “நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா ஃபேன் வேகமா சுத்தி எஞ்சின் ஆறும். ஆனா பயங்கரமா உறுமும், அக்கா,” என்று பக்கத்தில் இருக்கும் செட்ரிக்கின் மனைவி ஹில்டாவிடம் முணுமுணுக்கிறான். “இல்லாட்டி?” “எஞ்சின் இங்கேயே போயிடும்.” முன்னால் பார்த்தபடியே ஹில்டா சொல்கிறாள்: “உறுமட்டும்டா. இந்தச் சத்தத்துக்காகத்தானே என்னை விட்டுட்டு ஷெட்டே கதின்னு கிடந்தாரு.” அவன் லாரியை நிறுத்தி மிதிக்கிறான். தொப்பிக்காரர் துள்ளித் திரும்புகிறார். முள் தயங்கி, மெல்ல இறங்குகிறது. அந்த உறுமலுக்குள் ஹில்டா வாய்விட்டு அழுகிறாள். வெளியே யாருக்கும் கேட்கவில்லை. முள் நன்றாக இறங்கிய பிறகும் டெஸ்மண்ட் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.