கரடிக்கு வந்த தலைவலி

"இன்னைக்குக் கரடி வேலை நிறைய இருக்கு. பேச்சுக் கொடுக்காதீங்க" என்றாள் என் மனைவி. காலை ஏழு மணி. சாப்பாட்டு மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

அவள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. மாதம் ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்து, பிள்ளைகளை வாசிக்க வைத்து, அதைக்கொண்டே எழுதவும் வைப்பாள். அந்த மாதம் ஒரு கரடிக் கதை, கூடவே கடிதப் பயிற்சி. பிஸ்கட் டப்பா ஒன்றைத் தபால் பெட்டியாக வகுப்பில் மாட்டியிருந்தாள்.

அன்று மதிய இடைவேளையில், ஆசிரியர்கள் அறையில் மயங்கி விழுந்தவள் பிறகு கண் திறக்கவில்லை. "உடம்புக்கு என்னமோ பண்ணுதுன்னு ஏதாவது சொன்னாங்களா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "எங்கிட்ட எதையும் மறைக்கத் தெரியாதுங்க அவளுக்கு. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்த டப்பாவோடு தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். ரெண்டாங்கிளாஸ் மொத்தமும் ஸ்ட்ரைக்கு. 'முதல்ல எங்க கடிதத்துக்குப் பதில் வரட்டும்'னு பென்சிலை டப்பாவுல போட்டு மூடிடுதுங்க. புது டீச்சர் அழுதுட்டாங்க."

"யார் பதில் போடணும்?"

"பூராவும் தேன், குகைன்னு கரடி விஷயமாத்தான் இருக்கு. கரடிதான் போடணும். மேடம் எப்படி எழுதுவாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்…"

உள்ளே முப்பத்திரண்டு கடிதங்கள். ஒன்றிலும் பெயர் இல்லை. கீழே பழுப்பு மையில் ஒரு பெருவிரல் ரேகை மட்டும். எல்லாமே தலைவலியைத்தான் விசாரித்தன. 'தலைவலி போச்சா? தேன் குடி. மரத்தில் முதுகைத் தேய்.' 'நாலு மாசம் தூங்கு. யாராவது எழுப்பினால் உறுமு.' 'டாக்டரிடம் போ. அவரைக் கடிக்காதே.'

கூட இருந்த கதைப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். கரடி தேன் குடிக்கிறது, ஆற்றில் விழுகிறது, காட்டில் யார் என்ன கஷ்டம் என்று வந்தாலும் யோசனை சொல்கிறது. தலைவலி மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. பிள்ளைகள் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நான் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பது வருடம் பதில் எழுதியவன். அவள் தொடங்கிய இந்த ஒரு வேலையாவது பாதியில் நிற்கக் கூடாது என்று தோன்றியது. கரடியின் கையெழுத்தாகத் தெரிய வேண்டுமே என்று இடது கையால் எழுதினேன்.

'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். என் தலைவலி குறித்துத் தாங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, தற்போது பூரண குணம். இப்படிக்கு, கரடி.'

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சினி என் காதருகே குனிந்தாள்.

"அத்தான், என்ன பண்றீங்க?"

"பதினெட்டாவது கரடி."

"வந்தவங்கல்லாம் உங்களையே பார்க்கறாங்க. அக்கா போன அதிர்ச்சியில உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைக்கப் போறாங்க."

"கடைசியில ஒரு உறுமல் போடலாமான்னு யோசிக்கறேன். உங்க அக்காவைத்தான் கேக்கணும்."

முறைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குப் பத்து குடுங்க. கரடி எந்தக் கலர் மையில எழுதும்?"

மறுநாள் நானே போய்க் கொடுத்தேன். முப்பத்திரண்டு தலைகள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தன. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டன.

"யாருடா இந்தக் கரடி?" என்றது கடைசி பெஞ்சு.

"டூப்ளிகேட்டு!"

"உரிய நடவடிக்கைன்னா கடிக்கறதா?" என்று முன்வரிசையில் ஒருவன் கவலையோடு கேட்டான்.

புது டீச்சர் மேசையைத் தட்டினார். எனக்கு வேர்த்துவிட்டது. இந்த ஒன்றைக்கூட அவளுக்காக ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இது நிஜக் கரடிதான் கண்ணுங்களா. தலைவலி சரியாயிடுச்சுன்னு அதுவே எழுதியிருக்கு பாருங்க" என்றேன்.

வகுப்புத் தலைவி எழுந்து வந்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. என் கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"டீச்சர் செத்துட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும் சார். பதில் எழுதி வச்சிட்டுப் போனாங்களான்னுதான் கேட்டோம்."

"அதாம்மா, கரடியோட பதிலை இதோ…"

அவள் கணக்குப் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"நாங்கதான் சார் கரடி. தலைவலி டீச்சருக்கு."