ஏற இடமில்லாத கரடு

ஒலிப்பதிவை மூன்றாவது முறையாக ஓடவிட்டார் விசாரணை அதிகாரி.

"மலை இல்லம்மா, கரடு. கரட்டு மேல நிக்கிறோம். பதினோரு பேரு. சுத்தியும் தண்ணி."

பேசியவரின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அடுத்து அவளுடைய குரல் கேட்டது. "பதறாதீங்கண்ணே. கரடுன்னா என்ன?"

வெள்ளத்தன்று காலையில், அவசர உதவி மையத்தில் அந்த அழைப்பை எடுத்தவள் அவள்தான்.

அறைக்கு ஜன்னல் இல்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவே அவளுடைய நாற்காலியைச் செருகியிருந்தார்கள். அவள் வெளியே வரவேண்டுமானால் முதலில் அதிகாரி எழுந்து வழிவிட வேண்டும். அவர் எழுகிற மாதிரி தெரியவில்லை.

"உங்களுக்கே அர்த்தம் தெரியாத வார்த்தை. இப்பவாவது தெரியுமா?"

"மொட்டைப் பாறைக் குன்று சார். மண்ணு, மரம் எதுவும் இருக்காது."

"அப்போ மலைதானே? கம்ப்யூட்டர்ல மலைன்னு ஒரு கட்டம் இருக்கே. அதை விட்டுட்டு 'மூழ்கும் வீடு'ன்னு எதுக்குப் போட்டீங்க?"

மலை என்று பதிந்தால் அழைப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். மேட்டில் இருப்பவர்கள் காத்திருக்கலாம் என்பது விதி. அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு இருந்ததோ ஒரே ஒரு படகு.

அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார்.

"மலைன்னா இன்னும் மேல ஏறிக்கலாம்மா. கரட்டுல ஏற இடமே இல்ல. நிக்கிற இடம்தான் உச்சி. தண்ணி கணுக்காலுக்கு வந்துடுச்சு."

இரண்டு நொடி மௌனம். பிறகு தட்டச்சு செய்யும் சத்தம்.

பதினோரு பேர், மூழ்கும் வீடு என்ற அவளுடைய பதிவு வரிசையின் தலைக்கு ஏறியது; வேறொரு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த படகு பாதி வழியில் கரட்டுக்குத் திரும்பியது. கரட்டில் இருந்த பதினோரு பேரும் பிழைத்தார்கள்.

அதுவரை வரிசையில் முதலாவதாக இருந்த அந்த வீட்டுக்குப் படகு போய்ச் சேர ஒரு மணி நேரம் பிந்தியது. கோப்பில் அந்த வீட்டுக்குக் கதவு எண் மட்டும் இருந்தது. அதற்கு நேரே, இறப்பு: ஒன்று. பெண்.

"கரட்டுல உங்க ஆளுங்க யாராவது இருந்தாங்களா? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

"யாரும் இல்ல சார்."

"படகு எந்த வீட்டுக்குப் போயிட்டிருந்துச்சுன்னு ஸ்கிரீன்ல பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டுமா திருப்பினீங்க?"



"அந்த வீட்டுக்கு மாடி இருக்கு சார். ஏறிக்கலாமேன்னு நெனச்சேன்."

அதிகாரியின் பேனா நின்றது. பிடி கிடைத்துவிட்டதுபோல மேசையின் மேல் சாய்ந்தார்.

"கோப்புல மாடியப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீடு சார் அது. அக்காவுக்கு முழங்கால் வலி. மெதுவா ஏறிடுவான்னு நெனச்சேன்."