பால் வண்டி

“இது வேற யாரோட சம்பளமோ சார். எங்க வீட்டுக்காரர் ஓட்டுறது பால் டேங்கர். இவ்வளவெல்லாம் வராது.”

லாரி ஆபீஸ் கணக்கர் சம்பளச் சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “பாலுக்கு வராதும்மா. பெட்ரோல் லோடுன்னா ஒண்ணரை மடங்கு. என்னை அதுக்கு மாத்துங்கன்னு ரெண்டு வருஷம் முன்னாடி அவரேதான் எழுதிக் குடுத்தாரு.”

“இருக்காது. பெட்ரோல் வண்டியைத் தொட மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு.”

“கூட வந்த பணம் மாசாமாசம் நேரா உங்க பொண்ணு காலேஜுக்குப் போயிடும்.”

“ஓவர்டைம் பார்த்துக் கட்டுறேன்னாரே?”

கணக்கர் சீட்டில் பெட்ரோல் படி என்றிருந்த வரியைப் பேனா முனையால் காட்டினார்.

“ட்ரிப் முடிஞ்சு வரும்போதெல்லாம் ரெண்டு லிட்டர் பால் கொண்டு வருவாரு சார். கம்பெனியில குடுத்தாங்கன்னு.”

“எதிர்க் கடையில வாங்குவாரும்மா. நானே பார்த்திருக்கேன்.”

சீட்டில் இருந்த கையெழுத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அவருடையதுதான்.

“காலையில ஆஸ்பத்திரியில துணியை விலக்கிக் காட்டினாங்க. பால் வண்டி எப்படிங்க தீப்பிடிக்கும், இது எங்க ஆளே இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன் சார்.”