வெளியே என்ற கட்டம்

மணி ஐந்து ஐம்பது. நோட்டில் ஒரு கட்டம் மட்டும் காலி.

காலையிலிருந்து ஆற்றோர நடைபாதைக்குள் போனவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். போகும்போது 'உள்ளே' கட்டத்தில் ஒரு கையெழுத்து, வரும்போது 'வெளியே' கட்டத்தில் ஒரு கையெழுத்து. வரும்போது போட மறந்தவர்கள் ஐந்து பேர். நால்வருக்கு, நுழைவாயிலைக் காக்கும் கேட்காரர் தானே போட்டு முடித்துவிட்டார்.

இதை மோசடி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

கோடை வெயிலில் ஆறு கிலோமீட்டர் நடந்து, செருப்பைக் கையிலும் பிள்ளையை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் நோட்டையா பார்ப்பான்? ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "வீட்டுக்கு வந்து சேந்துட்டீங்களா?" என்று விசாரித்தார்தான். "நீ யாருய்யா, என் மாமியாரா?" என்று ஒருத்தன் கேட்டான். அன்றிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

அதிலும் ஒரு நேர்த்தி உண்டு. சாய்வு, சுழி, அடிக்கோடு எல்லாம் காலைக் கையெழுத்தைப் போலவே இருக்கும். நீலத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று என இரண்டு பேனாக்கள்.

ஆறு மணிக்கு அதிகாரி போன் செய்வார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நூத்துக்கு நூறு'. நுழைவாயிலில், ஆற்றைவிடப் பெரிதாக ஒரு பலகை நிறுத்தியிருக்கிறார்: 'சென்றவர் அனைவரும் திரும்பினர். 1,406-ஆவது நாள்.' திங்கட்கிழமைதோறும் புகைப்படக்காரரோடு வந்து, எண்ணைத் தன் கையாலேயே மாற்றுவார். பாதைக்குள் மட்டும் இன்றுவரை கால் வைத்ததில்லை. ஷூ பாழாகிவிடும்.

ஆனால் உள்ளே இருக்கிற பலகைகளில் எல்லாம் அவருடைய வாசகங்கள்தான். மூன்றாவது கிலோமீட்டரில், பாறைகளுக்கு நடுவே ஆறு விழுந்து திரும்புகிற இடத்தில், 'இங்கே நின்று நதியின் மௌனத்தைக் கேளுங்கள்' என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது.

காலிக் கட்டம் அந்த அம்மாளுடையது.

வருஷா வருஷம் கோடையில் வருவாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அவள் கணவனின் வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாதையில் நடக்கப் போனவர் வீடு திரும்பவில்லை.

ஆனால் நோட்டில் 'வெளியே' கட்டத்தில் அவர் கையெழுத்து இருந்தது. போலீஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டுத்தாம்மா கிளம்பிப் போயிருக்காரு. ஆத்துல எதுக்குத் தேடறது?"

அன்று காலை வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போடாததற்கு ஒரு சின்னச் சண்டை. அதனால் மற்றவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. "உன் வாய்க்கு எங்கண்ணன் இத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சதே பெரிசு" என்றாள் நாத்தனார். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

இன்று அவள் நோட்டைக் கேட்கவில்லை. தானும் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல்முறையாக உள்ளே நடந்தாள்.

திரும்பி வந்தாளா?

கேட்காரர் யோசித்துப் பார்த்தார். நாலரை மணிக்குப் பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்று திமுதிமுவென்று வெளியே வந்தது. அதற்குள் அவள் புடவையின் வெளிர்நீலம் தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்தது. நிச்சயம் தெரிந்தது. இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் தெரியும்.

உள்ளே போய்ப் பார்க்கலாம். முழங்கால் ஒத்துழைக்காது. தீயணைப்புக்குச் சொல்லலாம். பலகையில் எண் பூஜ்யமாகும், நூத்துக்கு நூறு இவரையும் பூஜ்யமாக்கிவிடுவார்.

கறுப்புப் பேனாவை எடுத்தார். முதல் எழுத்து பெரிசு, கடைசி எழுத்துக்கு ஒரு சின்ன வால். நன்றாகவே வந்தது.

"நான் போடறதவிட நல்லா இருக்கு."

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

தண்ணீர்க் குழாயை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சிலிருந்து அவள் எழுந்து வந்திருந்தாள். பாதங்களில் ஆற்றுச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"நாலரைக்கே வந்துட்டேன். வேணும்னுதான் கையெழுத்துப் போடல. வராதவளை யாராச்சும் தேடுவாங்களான்னு உக்காந்து பாத்துட்டிருந்தேன்."

கேட்காரர் பேனாவைக் கீழே வைத்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அவருக்கும் நீங்கதானா?"

அவர் நோட்டை மூடினார். அவளுக்கு அந்தப் பதில் போதும்.

அவள் கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றார். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வருஷமா அந்த மனுஷனை நான் சபிக்காத நாளில்ல" என்றாள். அதை அவரிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

பிறகு தடுப்புக் கம்பியைத் தாண்டிப் பாதை தொடங்குகிற இடத்துக்குப் போய் நின்றாள். கோடையின் வெளிச்சம் மரங்களுக்கு மேல் இன்னும் மிச்சமிருந்தது. கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க... இங்கதான் இருக்கீங்களா?"