பள்ளத்துக்குக் காவல்

சாக்கடை வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். காலை மழையில் பள்ளம் நிரம்பி, ரோடு எது, குழி எது என்று தெரியவில்லை. செவலை என்ற தெருநாய் அதன் ஓரத்தில் நின்று, வருகிறவர்களை எல்லாம் பார்த்துக் குரைத்தது.

மதில்மேல் இருந்த பூனை கேட்டது: "உனக்கென்ன வந்தது? புது அடுக்குமாடிக்காரர்கள் உன்னைப் பிடித்துப் போகச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்களே!"

"கொடுக்கட்டும். நேற்று நானே இதில் விழுந்து, ஏற முடியாமல் தவித்தேன்," என்றது செவலை.

அந்த அடுக்குமாடியிலிருந்து மகளோடு ஸ்கூட்டரில் வந்த பெண், "சீ, போ!" என்று அதட்டினாள். செவலை நகரவில்லை. அவள் சலித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினாள்.

தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும் பூனை, ஈரத்தரையில் குதித்தது. பள்ளத்தின் மறுபக்கம் போய் நின்று, முடிந்தமட்டும் கத்தத் தொடங்கியது.